கோட்டுச்சேரிமேட்டில் ஒரு முயல் கூண்டு

முயல் குட்டி மீன்தான் என்று ஒரு போப் தீர்ப்பு சொன்னாராம். கி.பி. 600 வாக்கில், முதலாம் கிரிகோரி. தாய் வயிற்றிலிருந்து எடுத்த குட்டி தண்ணீருக்குள் இருந்த உயிர், அதனால் அது இறைச்சிக் கணக்கில் வராது, நோன்பு நாளிலும் சாப்பிடலாம் என்று தீர்ப்பாம். அதைக் கேட்டதும் பிரான்சின் துறவிகள் மடத்துச் சுவருக்குள் முயல்களை அடைத்து வளர்க்க ஆரம்பித்தார்கள், அப்படித்தான் காட்டு முயல் வீட்டு முயல் ஆனது என்று பல பத்தாண்டுகளாகப் புத்தகங்களும் அறிவியல் கட்டுரைகளும் எழுதிக்கொண்டிருந்தன.

நல்ல கதை. ஆனால் பொய். 2018-ல் இவான் இர்விங்-பீஸ், கிரேகர் லார்சன் முதலிய ஆய்வாளர்கள் இந்தக் கதையின் வாலைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே போய்ப் பார்த்தார்கள். அப்படி ஒரு தீர்ப்பே இல்லை. ஆறாம் நூற்றாண்டில் தூர் நகரத்து ஆயர் ஒருவர் இருந்தார், அவர் பெயரும் கிரிகோரி. ரோக்கோலெனுஸ் என்ற ஆள் நோன்புக் காலத்தில் முயல் குட்டிகளைத் தின்றான், பிறகு செத்தான் என்று அவர் எழுதி வைத்திருந்தார். யாரோ இரண்டு கிரிகோரிகளையும் ஒன்றாக்கிவிட்டார்கள், மீதியைக் காலம் பார்த்துக்கொண்டது. முயல் எந்த வருடத்தில் வீட்டு விலங்கானது என்று கேட்பதே தப்பு என்பதுதான் அந்த ஆய்வாளர்களின் முடிவு. வேட்டையாடினார்கள், வேலி போட்டார்கள், பெட்டியில் வைத்தார்கள், மடியில் வைத்தார்கள். இதெல்லாம் சேர்ந்து இரண்டாயிரம் வருடம் ஆகியிருக்கிறது.

கோட்டுச்சேரிமேட்டில் வலை பழுது பார்த்துக்கொண்டிருந்த பெரியப்பா ஒருவரிடம் இந்தப் போப் கதையைச் சொன்னேன். கையிலிருந்த ஊசியை நிறுத்தாமலே சொன்னார்: "முயலு மீனுன்னா நாங்க எதுக்குடா தம்பி கடலுக்குப் போறோம்?"

கோட்டுச்சேரிமேடு காரைக்கால் பகுதியின் மீனவக் கிராமங்களில் ஒன்று. வடக்கே போனால் டேனிஷ்காரர்களின் தரங்கம்பாடி, தெற்கே காரைக்கால் நகரமும் அரசலாறு கடலில் சேரும் முகத்துவாரமும். 1739-ல் தஞ்சை மராட்டியரிடமிருந்து பிரெஞ்சுக்காரர்கள் கைக்குப் போய், நடுவில் சில முறை ஆங்கிலேயரிடம் மாறி, 1954 நவம்பர் 1 அன்று இந்தியாவிடம் வந்த நிலம். இந்தக் கரையில் காரைக்கால்மேடு, கிளிஞ்சல்மேடு, கோட்டுச்சேரிமேடு என்று வரிசையாக 'மேடு'கள். நெல் வயல் மட்டத்தைவிடக் கொஞ்சம் உயர்ந்த மணல் மேடு. அந்தக் கொஞ்சம்தான் இங்கே எல்லாம்.

நான் இந்தக் கட்டுரைக்குள் வந்தது என் சின்னம்மா வீட்டு வழியாக. போன வருடம் பள்ளிக்கூட விடுமுறையில் பேத்தி கேட்டாள் என்று இரண்டு முயல் வாங்கினார்கள், ஒன்று வெள்ளை, ஒன்று சாம்பல். கூடவே இணையத்தில் பார்த்து ஒரு மரப்பெட்டிக் கூண்டும் வந்தது. சாய்வான கறுப்புக் கூரை, மூன்று பக்கம் பலகை, முன்னால் மட்டும் வலை, குட்டிக் குட்டிக் கதவு. பார்க்க அழகாகத்தான் இருந்தது. கத்திரி வெயில் தொடங்கிய வாரம், மதியம் மூன்று மணிக்கு வெள்ளை முயல் அதற்குள் வாயைத் திறந்தபடி செத்துக் கிடந்தது. பிள்ளை இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. "தண்ணி வச்சிருந்தோமே ஆயா, அப்புறம் எப்படி?" என்பதையே திருப்பித் திருப்பிக் கேட்டாளாம்.

பதில் அந்தப் பெட்டியின் வரலாற்றில் இருக்கிறது.

முதலில் ஒரு சொல் தகராறைத் தீர்த்துவிடுவோம். தமிழில் 'முயல்' என்றால் நம் ஊர்க் காட்டு முயல்தான். திருக்குறளில் யானைக்குப் பக்கத்தில் வைத்துப் பேசப்படுவது அது. நிலாவுக்குள் நாம் பார்க்கும் முயலும் அதுவே. கூண்டில் வளர்ப்பது வேறு விலங்கு, ஐரோப்பாவின் குழி முயல். ஆங்கிலத்தில் ஹேர், ராபிட் என்று இரண்டு சொல் உண்டு, நமக்கு ஒன்றுதான். காட்டு முயல் குழி தோண்டாது, புல்லுக்குள் ஒரு பள்ளத்தில் பதுங்கும். அதன் குட்டி ரோமத்தோடும் திறந்த கண்ணோடும் பிறக்கும். குழி முயலின் குட்டி 31 நாள் போல வயிற்றில் இருந்துவிட்டு, ரோமமில்லாமல், கண் மூடி, செக்கச்செவேல் என்று பிறக்கும். ஒன்று ஓடியே தப்பிக்கிற உயிர், மற்றது ஒளிந்து தப்பிக்கிற உயிர். மனிதனின் பெட்டிக்குள் இரண்டாவதுதான் வந்தது, ஏனென்றால் இருட்டான சின்ன இடம் அதற்கு ஏற்கெனவே வீடு. காட்டு முயலைக் கூண்டில் போட்டால் கம்பியில் முட்டிக்கொள்ளும். அறுவடை நேரத்தில் வரப்போரம் அகப்படும் குட்டியை வளர்க்கலாம் என்று எடுத்து வருகிறவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள். அது பெரும்பாலும் பிழைக்காது, தவிர 1972-ன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமும்கூட.

ஆகவே தமிழில் முயலுக்கு வலை உண்டு, கண்ணி உண்டு, வீடு இல்லை. மாட்டுக்குத் தொழுவம், ஆட்டுக்குப் பட்டி, கோழிக்குப் பஞ்சாரம், புறாவுக்கு மாடம். முயலுக்குக் கிளியிடமிருந்து 'கூண்டு' என்ற சொல்லைக் கடன் வாங்கினோம். பிரெஞ்சில் தனிச் சொல் இருக்கிறது: கிளாப்பியே. இருநூறு வருடத்துக்கும் மேல் பிரெஞ்சுக் கொடி பறந்த ஊரில் 'மெரி'யும் 'சொல்தா'வும் தங்கிவிட்டன. கிளாப்பியேவை என் காதால் நான் அங்கே கேட்டதில்லை.

அந்தக் கிளாப்பியே எங்கிருந்து வந்தது? ரோமானியர்களிடமிருந்து தொடங்கலாம். கி.மு. முதல் நூற்றாண்டில் வாரோ எழுதிய விவசாய நூலில் மதில் சூழ்ந்த முயல் பண்ணை வருகிறது. அவர்களுக்குக் குழி முயல் ஸ்பெயினிலிருந்து கிடைத்த புதுச் சரக்கு. அடுத்த நூற்றாண்டில் பிளினி ஒரு செய்தி சொல்கிறார்: பலேரிக் தீவுகளில் முயல் பெருகி விளைச்சலையெல்லாம் தின்றுவிட, தீவுவாசிகள் பேரரசர் அகஸ்டஸிடம் படை அனுப்பச் சொல்லிக் கேட்டார்கள். முயலுக்கு எதிராக ராணுவம்! இதைப் படித்தால் கூண்டு எதற்கு என்பதற்கு முதல் பதில் கிடைத்துவிடுகிறது. முயலிடமிருந்து வயலைக் காப்பாற்ற.

இடைக்காலப் பிரான்சில் அந்தப் பதில் தலைகீழாகிறது. பிரபுக்களுக்கு 'கரேன்' என்ற உரிமை இருந்தது. தங்கள் நிலத்தில் முயல்களைத் திறந்துவிட்டு வளர்க்கலாம். அவை வேலி தாண்டிப் போய்க் குடியானவன் பயிரை மேய்ந்தால் குடியானவன் அதைத் தொடக்கூடாது. தன் கோதுமையைத் தின்னும் முயலைக் கொன்றால் தண்டனை. 1789-ல் மன்னருக்கு ஊர் ஊராக எழுதியனுப்பிய குறைப் பட்டியல்களில் வரி, உப்பு இவற்றோடு முயலும் புறாவும் இருக்கின்றன. அந்த ஆகஸ்ட் 4 இரவில் நிலப்பிரபுத்துவச் சலுகைகளை ஒழித்த தேசிய சபை, புறா மாட உரிமையோடு திறந்த முயல் காட்டு உரிமையையும் ஒழித்தது. பிரெஞ்சுப் புரட்சி என்றால் பாஸ்டீல் சிறை, கில்லட்டின் என்று படித்துவிட்டுப் போகிறோம். முயலும் அதில் ஒரு வழக்கு.

பிரபுவுக்குக் கரேன் என்றால், ஏழைக்குக் கிளாப்பியே. 1600-ல் ஒலிவியே தெ செர் எழுதிய பெரிய வேளாண் நூலில் இரண்டுமே பேசப்படுகின்றன. வீட்டுப் பின்புறம் நாலு பலகை, கொஞ்சம் வைக்கோல், சாலையோரம் அறுத்த புல், காய்கறிக் கழிவு. நிலமே இல்லாதவன் இறைச்சி சாப்பிட அதுதான் வழி. பாட்டிமார்கள் பார்த்துக்கொண்ட வேலை அது. கரையோரத்தில் நம் ஆட்கள் இரண்டு ஆடு கட்டியிருப்பார்களே, அதே பொருளாதாரம்தான்.

இந்தப் பெட்டியின் முகத்தை மாற்றியது இரும்பு வலை. 1844-ல் இங்கிலாந்தின் நார்விச் நகரில் சார்லஸ் பர்னார்ட் என்ற இரும்புக் கடைக்காரர், துணி நெய்கிற தறியைப் பார்த்துக் கம்பி நெய்கிற பொறியைச் செய்தார். நாம் 'கோழி வலை' என்று வாங்கும் அறுகோண வலை அதன் வாரிசு. அந்தக் கம்பி துருப்பிடிக்காமல் இருக்கத் துத்தநாகத்தில் முக்கி எடுக்கும் முறைக்கு 1837-ல் காப்புரிமை வாங்கியவர் ஸ்தானிஸ்லாஸ் சோரெல், பிரெஞ்சுக்காரர். இந்த இரண்டும் சேர்ந்ததும் முயலைப் பார்த்துக்கொண்டே அடைத்து வைக்க முடிந்தது. அதற்கு முன் கிளாப்பியே இருட்டு. இப்போது ஒரு பக்கம் வெளிச்சம், குழந்தை முகம் வைத்துப் பார்க்க ஒரு ஜன்னல். தின்பதற்கு வளர்த்த விலங்கு செல்லப் பிராணி ஆனதில் இந்த ஜன்னலுக்கு ஒரு பங்கு உண்டு என்று நினைக்கிறேன்.

அதே வலையின் மறுபக்கக் கதை ஆஸ்திரேலியாவில். 1859 கிறிஸ்துமஸ் அன்று தாமஸ் ஆஸ்டின் என்பவருக்கு இங்கிலாந்திலிருந்து 24 முயல்கள் கப்பலில் வந்து இறங்கின, வேட்டை விளையாட்டுக்காக. கண்டம் முழுவதும் பரவிய முயல்களில் பெரும்பாலானவை அந்தச் சரக்கின் வம்சம் என்று 2022-ல் மரபணு ஆய்வு சொன்னது. 1901-லிருந்து 1907-க்குள் மேற்கு ஆஸ்திரேலியா முயலைத் தடுக்க 3,000 கிலோமீட்டருக்கு மேல் வேலி போட்டது. முயல் நிற்கவில்லை.

பிறகு போர். 1940-ல் பாரீஸை ஜெர்மானியர்கள் பிடித்தபோது பாண்டிச்சேரியும் காரைக்காலும் தெ கோலின் பக்கம் சேர்ந்தன. அந்த நான்கு வருடமும் பாரீஸ்காரர்கள் பால்கனியிலும் குளியலறையிலும் முயல் வளர்த்தார்கள். அடுக்குமாடியில் கிளாப்பியே! பிரிட்டனில் அரசாங்கமே முயல் வளர்ப்பு மன்றங்களை ஊக்குவித்துத் தவிடு கொடுத்தது.

இதற்கப்புறம் வருவதுதான் எனக்கு இந்த வரலாற்றிலேயே மறக்க முடியாத பகுதி. 1952 ஜூன் 14 அன்று பால்-ஃபெலிக்ஸ் அர்மான்-தெலில் என்ற ஓய்வுபெற்ற மருத்துவர், மாய்புவா என்ற ஊரில் மதில் சூழ்ந்த தன் எஸ்டேட்டில் முயல் தொல்லை தாங்காமல், இரண்டு முயல்களுக்கு மிக்சோமடோசிஸ் வைரஸை ஊசி போட்டு விட்டார். ஆஸ்திரேலியாவில் அந்த நோய் முயலைக் கொத்துக்கொத்தாகக் கொல்வதைப் படித்திருந்தார். என் மதிலுக்குள் இருப்பது என் பிரச்சினை மட்டும் என்று கணக்கு. கொசுவும் தெள்ளுப்பூச்சியும் மதிலை மதிக்கவில்லை. இரண்டு மூன்று வருடத்தில் பிரான்சின் காட்டு முயல்களில் பத்தில் ஒன்பது போய்விட்டது. கண் வீங்கிச் சீழ் வைத்த முயல்கள் சாலையில் குருடாக உட்கார்ந்திருந்தன. கிளாப்பியேக்குள் இருந்தவையும் செத்தன, பாட்டிமார்களின் முயல்கள். வேட்டைக்காரர்கள் அவர்மேல் வழக்குப் போட்டார்கள். வனத்துறை ஆட்களும் விவசாயிகளும் அவருக்குப் பதக்கம் கொடுத்தார்கள். இரண்டும் நடந்தது. முயல் சாம்ராஜ்யம் இப்படிச் சரிந்துகொண்டிருந்த அதே 1954-ல்தான் பிரெஞ்சுக்காரர்கள் காரைக்காலைவிட்டுப் போனார்கள். இரண்டுக்கும் சம்பந்தமில்லை, ஆனால் தேதிகள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன.

சரி, சின்னம்மா வீட்டுச் சாம்பல் முயலுக்கு வருவோம். அதன் நிறத்துக்குப் பெயர் சின்சில்லா. தென் அமெரிக்கச் சின்சில்லாவின் ரோமம் போலவே ஒரு முயல் இனத்தை உண்டாக்கி 1913-ல் காட்சிக்கு வைத்தவர் டிபோவ்ஸ்கி, பிரான்சில். ரஷ்யர்கள் அதை வாங்கி, தங்கள் பெரிய வெள்ளை முயலோடு கலந்து, சோவியத் சின்சில்லா ஆக்கினார்கள். அந்தச் சோவியத் சின்சில்லாவும் ஒயிட் ஜயன்ட் இனமும் கொடைக்கானல் மலையில் மன்னவனூரில் இருக்கும் மத்திய செம்மறி ஆடு மற்றும் கம்பளி ஆராய்ச்சி நிறுவனத்தின் தென்மண்டல நிலையத்தில் வளர்க்கப்பட்டு, விவசாயிகளுக்கு இனப்பெருக்கத்துக்குக் கொடுக்கப்பட்டன. அங்கிருந்து பண்ணைக்காரர்கள், அவர்களிடமிருந்து சந்தைக்காரர்கள், வழியில் எத்தனையோ கலப்பு. கொடி இறங்கி எழுபது வருடம் கழித்து ஒரு பாதிப் பிரெஞ்சு முயல் மாஸ்கோவைச் சுற்றிக்கொண்டு காரைக்கால் வந்திருக்கிறது.

ஆனால் மன்னவனூர் ஏறக்குறைய 2,000 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கோட்டுச்சேரிமேடு கடல் மட்டத்தில்.

இங்கேதான் அந்தப் பெட்டியின் குற்றம். பலகை மூடிய பக்கங்கள், தார்த்தாள் ஒட்டிய கறுப்புக் கூரை, ஒடுங்கிய உறங்கும் அறை, எல்லாமே ஆங்கிலக் குளிருக்கு எதிராக யோசித்தது. அந்த ஊரில் முயலைக் கொல்வது ஈரக் குளிர்காற்று. முயலுக்கு வியர்க்காது. மேலே ஒரு கம்பளிச் சட்டை, உடம்பு வெப்பம் 39 டிகிரிக்கு அருகே. சூட்டை வெளியே விட அதற்கு இருப்பது முக்கியமாக இரண்டு காதுகள், கொஞ்சம் மூச்சு. வெளியே 30 டிகிரியைத் தாண்டும்போதே திணறும், 35-க்கு மேல் உயிருக்கு ஆபத்து. காரைக்காலில் மே மாதம் அதைத் தாண்டும், அதோடு கடலோரப் புழுக்கம். காற்றுப் போகாத பெட்டிக்குள் தண்ணீர்ப் புட்டியிலிருந்த நீரும் வெந்நீராகத்தான் இருந்திருக்கும். பிள்ளை கேட்ட கேள்விக்குப் பதில் இதுதான்.

இந்தப் பெட்டியை அது பிறந்த ஊரிலேயே இப்போது யாரும் பெரிதாக மதிப்பதில்லை என்பது வேறு விஷயம். பிரிட்டனின் முயல் நல அமைப்புகள் இரண்டு முயலுக்கு 3 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலம், 1 மீட்டர் உயரமாவது ஓட இடம் வேண்டும், கூண்டு அதற்குள் ஒரு மூலை மட்டும்தான் என்கின்றன. நம் 1960-ன் மிருகவதைத் தடுப்புச் சட்டமும் போதிய நீள அகல உயரம் இல்லாத கூண்டில் விலங்கை அடைப்பதைக் குற்றம் என்று சொல்கிறது, எண்கள் சொல்லாமல்.

ஆவணியில் சின்னம்மா வீட்டில் புதுக் கூண்டு கட்டினார்கள். ஆசாரிக்கு முயலைப் பற்றி ஒன்றும் தெரியாது, ஆடு வளர்க்கும் பரண் தெரியும். அது போதுமானதாக இருந்தது. சவுக்குக் கால் நாலு, தரையிலிருந்து மூன்று அடி உயரத்தில் தளம். பரணில் போடுவதுபோலப் பட்டியல் அடித்து, புழுக்கை கீழே விழ இடைவெளி. ஆனால் முயல் பாதத்துக்கு ஆட்டுக் குளம்பு கிடையாது, வெறும் ரோமம்தான், கம்பியிலும் இடைவெளியிலும் நாள் முழுக்க நின்றால் குதிகால் புண்ணாகும். அதனால் பாதித் தளம் இழைத்த பலகை. மேலே தென்னங்கீற்று, ஓட்டுக்கும் தகரத்துக்கும் வாய்க்காத குளிர்ச்சி அதில் உண்டு. கட்ட நினைத்த முதல் இடம் மொட்டை மாடி. சுனாமிக்குப் பிறகு கட்டிய கான்கிரீட் வீடுகளில் தோட்டம் குறைவு, எல்லாமே மாடிக்குத்தான் போகும். "மாடியில வச்சா அப்பளம் மாதிரி பொரிஞ்சுடும்" என்று ஆசாரி மறுத்துவிட்டார். கடைசியில் வீட்டுக்குக் கிழக்கே முருங்கை நிழலில் வைத்தார்கள், மேற்கு வெயிலைச் சுவர் பார்த்துக்கொள்ளும்.

திசையில்தான் பெரிய விவாதம். கோடையில் மதியத்துக்கு மேல் வரும் கடல்காற்றுதான் முயலுக்கு உயிர், அது கிழக்கிலிருந்து வரும். ஐப்பசி கார்த்திகையில் அடைமழையும் அதே பக்கத்திலிருந்துதான் சாய்ந்து அடிக்கும். ஒரே திசை, ஒரு பருவத்தில் மருந்து, மறு பருவத்தில் நிமோனியா. எந்தக் கையேட்டுப் படத்திலும் இதற்கு வழி இல்லை. சின்னம்மாதான் சொன்னார்: "தட்டி கட்டு. வேணும்னா தூக்கு, வேணாம்னா இறக்கு." அவர்கள் பழைய குடிசைத் தாழ்வாரத்துக்கு அப்படித்தான் கட்டியிருந்தார்களாம். மூன்று பக்கமும் வலை, கிழக்கும் வடக்கும் கீற்றுத் தட்டி, மேலே கயிறு.

வலைக்கு என்ன போடுவது? வீட்டில் நைலான் வலை குவிந்து கிடக்கிறது. ஆனால் முயலின் பல் ஆயுள் முழுக்க வளர்ந்துகொண்டே இருக்கும், வருடத்துக்கு 10 சென்டிமீட்டருக்குக் குறையாமல். நைலானை ஒரே ராத்திரியில் கத்தரித்துவிடும். வெளியிலிருந்து பெருச்சாளியும் அதையே செய்யும். கோழி வலை கோழியை உள்ளே வைக்கும், தெருநாயை வெளியே வைக்காது. அரை அங்குலக் கட்டம் வைத்துப் பற்றவைத்த கம்பி வலைதான் சரி. கீரி நுழையாத அளவு. உப்புக்காற்றில் துத்தநாகப் பூச்சு சீக்கிரம் போகும், முயல் சிறுநீர் அதைவிடச் சீக்கிரம் அரிக்கும். வருடா வருடம் ஒரு பக்கமாவது மாற்றவேண்டியிருக்கும் என்று கணக்கில் வைத்துக்கொண்டார்கள், படகுக்கு வைப்பதுபோல.

கூண்டின் நாலு காலுக்கும் தண்ணீர்க் கிண்ணம், எறும்பு ஏறாமல். குட்டி போட்டால் கட்டெறும்பு கண் திறக்காத குட்டிகளை விடாது. கிண்ணத்தில் கொசு வளராமல் இரண்டு சொட்டு மண்ணெண்ணெய். கீழே சுற்றிலும் பத்தடிக்கு ஏழடி மணல் முற்றம், வேலி, சாயங்காலம் இறக்கிவிட. முயல் அங்கே தோண்டும், அது அதன் உரிமை. வேலியடியில் வலையை உள்பக்கம் மடித்து மணலுக்குள் புதைத்துவிட்டார்கள். காலையில் அகத்தி, அருகம்புல், வேலிமசால். விடியுமுன் அது தன் மெத்தென்ற புழுக்கையைத் தானே தின்பதைப் பார்த்துப் பிள்ளை அருவருத்தாள். மாடு அசைபோடுவதைத்தான் முயல் இப்படிச் செய்கிறது என்று சொன்னதும், "அப்ப மாடு பரவாயில்ல மாமா" என்றாள்.

கூண்டைத் தரையில் கட்டிப்போடவும் வேண்டியிருந்தது. 2018 நவம்பரில் கஜா வேதாரண்யம் பக்கம் கரையேறியபோது இந்தக் கரையில் அடித்த காற்றை அவர்கள் மறக்கவில்லை. நாலு மூலையிலும் படகு கட்டும் கயிறு, முருங்கையில் இல்லை, முருங்கை முதலில் முறியும், சுவரில் பதித்த வளையத்தில். பெரிய புயல் எச்சரிக்கை வந்தால் முயலை வீட்டுக்குள் எடுத்துக்கொண்டு, கூண்டைக் காற்றுக்கு விட்டுவிடுவது என்று முடிவு.

புரட்டாசிக் கடைசியில் சாம்பல் முயலுக்குத் துணையாக இன்னொன்று வந்தது, இதுவும் பெண். ஜோடி என்று விற்க வந்தவரைத் திருப்பி அனுப்பினார்கள். பழைய மரப்பெட்டியை யாரும் தூக்கிப் போடவில்லை. கறுப்புக் கூரையைக் கழற்றிவிட்டு, கதவுகளை எடுத்துவிட்டு, அதில் இப்போது கோழி அடை காக்கிறது.